ஓ பேர் ஒருவரை வீட்டுக்கு வரவழைக்கும் முன்: குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓ பேர் (au pair) ஒருவரை வரவழைக்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் தேடித் தரும் ஏஜென்சிகளின் விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் நிறைய முடிவுகளை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் எடுத்திருக்க வேண்டும், அவற்றைத் தள்ளிப்போட்ட வீடுகளில்தான் மூன்றாவது மாதம் மனக்கசப்பு தொடங்குகிறது.

முதலில் ஓ பேர் ஏற்பாடு என்னவென்று தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வேறு நாட்டிலிருந்து இளம் வயதுக்காரர் ஒருவர், பெண்ணாகவும் இருக்கலாம் ஆணாகவும் இருக்கலாம், உங்கள் வீட்டில் ஓராண்டு வரை தங்குகிறார். வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று வரையறுத்து உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பதிலுக்கு அவருக்குத் தனி அறை, சாப்பாடு, கைச்செலவுப் பணம், மொழி படிக்க நேரம், உங்கள் குடும்பத்தில் ஓர் இடம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பெற்றோருக்கு இது போதாது. அவர்களுக்குக் குழந்தைகள் காப்பகமோ முழுநேர ஆயாவோதான் சரி. குறைந்த செலவில் முழுநேர ஆள் கிடைப்பார் என்ற எண்ணத்தோடு இதில் இறங்குவதாக இருந்தால் தயவுசெய்து இறங்காதீர்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். வருகிறவருக்குப் படுக்க இடம், சாப்பாடு, பணம், பெரும்பாலான நாடுகளில் தங்குவதற்கான அனுமதி, இத்தனையும் உங்கள் ஒரே குடும்பத்தைச் சார்ந்திருக்கிறது. வயது இருபதோ இருபத்திரண்டோ. மொழி அரைகுறை. இந்த நிலையில் நீங்கள் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை, செய்கிறேன்" என்றுதான் சொல்வார். அவர் முகம் சுளிக்கவில்லை என்பதை வைத்து எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நேரத்தைக் கணக்கு வைப்பது, "போதும், நீங்கள் போய் ஓய்வெடுங்கள்" என்று சொல்வது, மனதில் என்ன இருக்கிறது என்று கேட்பது, இந்த மூன்றையும் தொடங்கி வைக்க வேண்டியவர் நீங்கள்.

1. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள்

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஐரோப்பாவில் இதற்கெல்லாம் அடிப்படை 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய கவுன்சில் உருவாக்கிய ஓ பேர் ஒப்பந்தம். வயது 17 முதல் 30 வரை, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பு, எழுத்து மூலமான உடன்படிக்கை என்று அதில்தான் முதலில் எழுதினார்கள். எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, ஏற்காத நாடுகள் சிலவும் தங்கள் விதிகளை வகுக்கும்போது அதை ஒட்டியே வகுத்தன.

இன்று ஜெர்மனியில் நாளுக்கு ஆறு மணி, வாரத்துக்கு 30 மணி நேரம்தான் உச்சவரம்பு, விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ குடும்பம் தர வேண்டும். நெதர்லாந்திலும் வாரம் 30 மணிதான். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதாவது ஓ பேரை மட்டுமே நம்பி வீட்டை ஓட்டக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் 18 முதல் 26 வயது வரை உள்ளவர்கள் வருகிறார்கள். வாரம் 45 மணி, ஒரு நாளைக்கு 10 மணிக்கு மேல் கூடாது, வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு, மாதத்தில் ஒரு வார இறுதி முழுவதும் விடுப்பு, சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை, படிப்புக்கு 500 டாலர் வரை. வாரப் பணம் குறைந்தபட்சம் 195.75 டாலர் என்று நாடு முழுக்க இருந்தாலும், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியமே ஓ பேருக்கும் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக ஒரே நாட்டுக்குள்ளும் கணக்கு வேறுபடும்.

சில இடங்களில் கதவே மூடிவிட்டது. நார்வே 2024இல் இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது, மலிவான வீட்டு வேலைக்காக இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அங்கே நீண்ட நாளாக இருந்த குற்றச்சாட்டு. பிரிட்டனில் ஓ பேருக்கென்று தனி விசா கிடையாது. குடும்பத்தில் ஒருவராக வாழ்கிறவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டாம் என்றிருந்த விலக்கும் 2024 ஏப்ரலோடு போய்விட்டது. எனவே ஐந்து வருடத்துக்கு முன் ஓ பேர் வைத்திருந்த நண்பர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், குடிவரவுத் துறையின் தளத்தை நீங்களே திறந்து படியுங்கள்.

2. உங்கள் வாரத்தை உள்ளபடி எழுதுங்கள்

தாளை எடுத்துத் திங்கள் முதல் ஞாயிறு வரை மணிவாரியாக எழுதுங்கள். எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்பதை எழுத வேண்டாம், போன வாரம் நிஜமாக என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்தார், பள்ளிக்கு யார் கொண்டுபோய் விட்டார், மாலை எத்தனை நாள் தாமதமாக வந்தீர்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். உங்கள் நாட்டில் வாரம் 30 மணி என்று வையுங்கள். காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்ப ஒன்றரை மணி, மாலையில் பள்ளி விட்டதிலிருந்து நீங்கள் வீடு வரும்வரை நாலரை மணி, ஆக நாளுக்கு ஆறு. ஐந்து நாளில் முப்பது முடிந்துவிட்டது. சனிக்கிழமை இரவு இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை, அதற்கு வாரத்தில் வேறு எங்காவது மூன்று மணி நேரத்தைக் குறைக்க வேண்டும்.

எது வேலை நேரம் என்பதில்தான் நிறைய வீடுகளில் சண்டை. குழந்தை தூங்கும்போது வீட்டில் இருப்பது வேலை நேரம்தான், ஏனென்றால் அவர் வெளியே போக முடியாது. இரவில் பிள்ளைகள் தூங்க, நீங்கள் வெளியே இருக்க, அவர் சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்தாலும் வேலை நேரம்தான். பள்ளியிலிருந்து காய்ச்சல் என்று போன் வந்து ஓடினால் அதுவும் கணக்கில் சேரும். "பத்து நிமிஷம் பார்த்துக்கொள், குளித்துவிட்டு வருகிறேன்" என்பது தினமும் நடந்தால் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். இதையெல்லாம் எழுதி வைக்க இருவரும் பார்க்கிற மாதிரி ஒரு காலண்டர் போதும், போனிலும் வைக்கலாம், சமையலறைச் சுவரிலும் மாட்டலாம்.

வீட்டு வேலையிலும் எல்லை வேண்டும். பிள்ளைகளின் துணி துவைத்து மடிப்பது, அவர்கள் சாப்பிட்ட பாத்திரம், அவர்களுக்கு எளிய சமையல், விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைப்பது, தன் அறையைச் சுத்தமாக வைப்பது, இவ்வளவும் சரி. வீட்டில் இருக்கும் மற்றவர்களைப் போலவே தன் தட்டைக் கழுவி வைப்பதும் சரி. உங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது, ஜன்னல் துடைப்பது, தோட்ட வேலை, வயதான பெற்றோரைக் கவனிப்பது, இவையெல்லாம் அவர் வேலையில் வராது. "அவருக்கே பிடித்துத்தான் செய்கிறார்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேலே சொன்ன காரணத்தால் அதை நான் நம்புவதில்லை.

3. ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஏஜென்சி வழியாகவா, நேரடியாகவா என்பதைச் சில நாடுகளில் நீங்கள் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் அரசு அனுமதி பெற்ற ஏஜென்சி வழியாக மட்டுமே முடியும், நெதர்லாந்திலும் அப்படித்தான். மற்ற இடங்களில் இணையதளத்தில் நீங்களே தேடலாம், செலவு குறையும், ஆனால் ஏதாவது தகராறு வந்தால் நடுவில் நின்று பேச ஆள் இருக்காது. முதல்முறை என்றால் ஏஜென்சிக்குச் செலவு செய்யுங்கள் என்பேன்.

குடும்பத்தைப் பற்றி எழுதும்போது கடினமானதையும் எழுதுங்கள். மகனுக்குக் கோபம் வந்தால் பொருளைத் தூக்கி எறிவான், நாங்கள் பிரிந்து வாழ்கிறோம், ஊருக்கு வெளியே இருக்கிறோம், எட்டு மணிக்கு மேல் பஸ் கிடையாது என்பதையெல்லாம் படித்த பிறகும் ஒருவர் வர விரும்பினால் அவர்தான் உங்களுக்கு ஏற்றவர்.

வீடியோவில் ஒரே ஒரு முறை பேசிவிட்டு முடிவு செய்யாதீர்கள், இரண்டு மூன்று முறையாவது பேசுங்கள். "குழந்தைகள் பிடிக்குமா?" என்று கேட்டால் பிடிக்கும் என்றுதான் பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. "மூன்று வயதுக் குழந்தை கடையில் தரையில் படுத்து அழுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "இதுவரை எத்தனை வயதுக் குழந்தையோடு தனியாக எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நீச்சல் தெரியுமா, கார் ஓட்டுவாரா, எந்த மாதிரி சாலையில் ஓட்டியிருக்கிறார், வீட்டை விட்டு நீண்ட நாள் இருந்த அனுபவம் உண்டா, ஓய்வு நாளில் என்ன செய்ய ஆசை என்பதும் முக்கியம். கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். அமெரிக்க விதிப்படி மூன்று மாதம் நிறையாத குழந்தை இருக்கும் வீட்டில் பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ கூடவே இருந்தாக வேண்டும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் ஓ பேருக்குக் கைக்குழந்தைகளோடு 200 மணி நேர அனுபவம் வேண்டும். உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும் நீங்கள் அதைப் பின்பற்றலாம்.

இதற்கு முன் உங்கள் வீட்டில் ஓ பேர் இருந்திருந்தால் அவருடைய எண்ணைக் கொடுத்து, இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். நீங்கள் அந்த உரையாடலில் இருக்க வேண்டாம்.

மோசடியும் உண்டு. விசாவுக்காக வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டும், உடனே அனுப்புங்கள் என்று கேட்கும் விண்ணப்பதாரர், வீடியோவில் முகம் காட்ட மறுப்பவர், படத்தில் இருப்பவருக்கும் பேசுபவருக்கும் பொருந்தாத விவரங்கள், இப்படி எதைக் கண்டாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

4. ஒப்பந்தம், காகிதங்கள், அறை

எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் எழுதி வையுங்கள். வேலை நேரம், விடுப்பு நாள், பணம் எந்தத் தேதியில், எந்த வழியில், மொழி வகுப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, நோய் வந்தால் என்ன, எத்தனை நாள் முன்னறிவிப்பில் பிரியலாம். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் இதற்கு இரண்டு வாரம். நீங்கள் ஒரு வாரம் குடும்பத்தோடு வெளியூர் போய் அவரை விட்டுவிட்டுப் போனால் அந்த வாரப் பணம் உண்டா? உண்டு என்று எழுதுங்கள். அவரையும் கூட்டிப்போனால் அது அவருக்கு விடுமுறையா வேலையா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் வேலைதான், அதற்கும் அதே மணிக்கணக்கு.

மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, காரை ஓட்டக் கொடுப்பதாக இருந்தால் கார் இன்சூரன்ஸில் அவர் பெயர், இவை அவர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். விசாவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், பள்ளி திறக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். வந்த பிறகு முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு ஆகியவற்றுக்குக் கூடவே போய் உதவுங்கள். அவருடைய பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது, அது அவரிடம்தான் இருக்க வேண்டும்.

அறை அவருக்கென்று தனியாக இருக்க வேண்டும். ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள், மேசை, நல்ல விளக்கு, துணி வைக்க அலமாரி, வைஃபை. பிள்ளைகளோடு படுக்கை பகிர்வதோ கூடத்தில் திரை கட்டிக் கொடுப்பதோ வேண்டாம். அவர் இல்லாத நேரத்தில் அறைக்குள் போகக் கூடாது, கதவைத் தட்டாமல் பிள்ளைகளும் போகக் கூடாது. வீட்டுக்குள் கேமரா இருந்தால் எங்கே இருக்கிறது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லுங்கள். அவர் அறையிலும் குளியலறையிலும் கேமரா என்ற பேச்சுக்கே இடமில்லை.

5. வீட்டுக் கையேடு

பத்துப் பக்கத்துக்குள், எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். மொழி இன்னும் பழகாதவர் படிக்கப்போகிறார் என்பதை நினைவில் வையுங்கள். முதல் பக்கத்தில் வீட்டு முகவரி, உங்கள் இருவர் எண், பக்கத்து வீட்டுக்காரர் எண், அவசர எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவில் 911. பதற்றத்தில் முகவரி மறந்துபோகும், அதனால் போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட வார்த்தையாக எழுதி வையுங்கள்.

அடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை என்ன, எந்த மருந்து எவ்வளவு, யாரைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும், தூங்க வைக்கும் வழக்கம், எதற்குப் பயப்படுவான், போன், டிவி எவ்வளவு நேரம், யாருடன் அனுப்பலாம், யாருடன் அனுப்பக் கூடாது. பள்ளியில் அழைத்துவர அவருக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தாக வேண்டும், இதை மறந்துவிட்டு முதல் நாளே வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள். பிள்ளைகளை அடிப்பது கிடையாது என்பதைக் கையேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் எழுதுங்கள்.

விருந்தினர் வரலாமா, கார் சொந்த உபயோகத்துக்கு உண்டா, பெட்ரோல் யார் செலவு, இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லையா என்பவையும் இதில் வரும். அவர் வயது வந்தவர் என்பதை மறக்க வேண்டாம். மறுநாள் காலை வேலை இருந்தால் தெளிவாக எழுந்து வர வேண்டும் என்று கேட்பது நியாயம், ஓய்வு நாளில் எங்கே போகிறார் யாரோடு போகிறார் என்று துருவுவது நியாயம் இல்லை.

6. முதல் வாரங்கள்

விமான நிலையத்துக்கு நீங்களே போங்கள். அன்று வேலை எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் பேசட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும்.

அமெரிக்க விதியில் முதல் மூன்று நாள் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு வாரமாவது லீவு போடுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். அடுத்த இரண்டு நாள் அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காமல் இருங்கள், இதுதான் கஷ்டம். அப்புறம் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். பள்ளிக்குப் போகும் வழியை இருவரும் சேர்ந்து இரண்டு முறை நடந்து பாருங்கள், கார் என்றால் பிள்ளைகள் இல்லாமல் முதலில் ஓட்டிப் பழகட்டும்.

புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவார். பாதிதான் புரிந்திருக்கும். "சரி, நாளைக்குக் காலையில் என்னென்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று அவர் வாயால் சொல்ல வைத்தால் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பார்கள். "அம்மா இதற்கு விடுவாள்" என்பார்கள், நீங்கள் பக்கத்து அறையில் இருந்தால் உங்களிடம் ஓடி வருவார்கள். அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் அவர் சொல்வதுதான் முடிவு என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். அவர் சொன்னது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். பிள்ளை எதிரில் அவரை ஒருமுறை மறுத்துப் பேசிவிட்டால், அப்புறம் அந்தப் பிள்ளை பல வாரங்களுக்கு அவர் பேச்சைக் கேட்காது.

வீட்டு நினைப்பு வரும். சிலருக்கு முதல் வாரமே, சிலருக்குப் புதுமை தீர்ந்த இரண்டாம் மூன்றாம் மாதம். அறைக்குள்ளேயே இருப்பார், சாப்பாடு குறையும், போனிலேயே இருப்பார். அதை நன்றியில்லாத்தனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழி வகுப்பில் சேர்ந்ததும், அந்த ஊரில் இருக்கும் மற்ற ஓ பேர்கள் அறிமுகமானதும் பெரும்பாலும் சரியாகிறது, ஆகவே அந்த இரண்டையும் முதல் மாதத்திலேயே ஏற்பாடு செய்து கொடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எப்போதும் கூப்பிடுங்கள், வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

7. வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது

இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாளும் நேரமும் குறித்து, பிள்ளைகள் இல்லாமல், பதினைந்து இருபது நிமிடம். அடுத்த வாரக் காலண்டர், போன வாரத்தில் நேரம் கூடியிருந்தால் அதை எப்போது ஈடுகட்டுவது, எது நன்றாக நடந்தது, எது கஷ்டமாக இருந்தது. நீங்கள் முதலில் உங்கள் தரப்புக் குறையைச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் தாமதமாக வந்தோம், அந்த நேரத்தை வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள்." இப்படி நீங்கள் தொடங்கினால்தான் அவருக்கும் சொல்லத் தைரியம் வரும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் குறை எழுதி அனுப்புவது வேண்டாம்.

பணம் தேதி தவறாமல் போக வேண்டும். அவர் கேட்கிற நிலையை உண்டாக்காதீர்கள்.

8. சரிப்பட்டு வராவிட்டால்

நல்ல குடும்பம், நல்ல ஓ பேர், ஆனாலும் ஒத்துவராமல் போகலாம். முதலில் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளரை வைத்து மூவரும் பேசுங்கள், என்ன மாற வேண்டும் என்று எழுதி இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் முடியவில்லை என்றால் வேறு குடும்பம் தேட உதவுங்கள், ஏஜென்சிக்காரர்கள் ரீமேட்ச் என்பார்கள். அந்த நாட்களில் அறையும் சாப்பாடும் பணமும் முன்போலவே தொடரட்டும். குடித்துவிட்டுக் குழந்தையோடு கார் ஓட்டியது, பிள்ளையை அடித்தது போன்றவற்றில் காத்திருக்கத் தேவையில்லை, அன்றே பிள்ளைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடலாம். அப்போதும் இரவோடு இரவாக வெளியே அனுப்பக் கூடாது, ஏஜென்சி வேறு இடம் பார்க்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் "விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

9. கிளம்பும்போது

பிள்ளைகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், சின்னக் குழந்தை என்றால் காலண்டரில் நாளைக் குறித்துக் காட்டுங்கள். என்ன வயதுப் பிள்ளைகளை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டார் என்று தெளிவாகச் சான்றிதழ் எழுதிக் கொடுங்கள், அடுத்த வேலைக்கோ படிப்புக்கோ அது அவருக்கு உதவும். முகவரிப் பதிவு நீக்கம், வங்கிக் கணக்கு, எடுக்காமல் மிச்சமிருக்கும் விடுப்புக்கான பணம், கார் இன்சூரன்ஸில் பெயர் நீக்கம் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு வைக்காமல் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அடுத்தவர் வருவதாக இருந்தால் இருவரும் இரண்டு மூன்று நாள் சேர்ந்து இருக்கும்படி தேதியை அமைக்க முடியுமா பாருங்கள். இடமில்லை என்றால் போகிறவரைக் கையேட்டை ஒருமுறை திருத்தித் தரச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பழையதாகிவிட்டது, எது எழுதாமலே விடப்பட்டிருக்கிறது என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.